குருணை

ஒவ்வொரு டப்பாவாகக் கவிழ்த்து
அடியைப் பார்க்கிறாள் பியூலா.
முக்கோணத்துக்குள் ஓர் எண்.
கைரேகைக்காரி மாதிரி கண்ணைச் சுருக்கிச் சொல்கிறாள்:
மூன்று ஆகவே ஆகாது, ஏழு வேண்டாம்,
ஐந்து, சூடு படாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும்.
இரண்டு? என்று கேட்டேன்
ஷூவைக் கழற்றாமல் வாசலில் நின்று.
இரண்டு பரவாயில்லையாம்.

இரண்டு என்னுடையது.
ஜுபைலில், பன்னிரண்டு மணிநேர ஷிப்டில்,
வாயுவைப் பாகாக்கி, பாகை நறுக்கி
இருபத்தைந்து கிலோ மூட்டைகளில்
உலகத்துக்கு நான் அனுப்பிக்கொண்டிருப்பது
அந்த இரண்டைத்தான்.

கெசியாவின் முழங்கை மடிப்பில்
சிவந்து தடித்த ஒரு ரூபாய் அகலத்தில் தொடங்கியது இது.
எகிப்து டாக்டர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நாள் வாசனைகளை நிறுத்திப் பாருங்கள், என்றார்.
நிறுத்தினோம்.
துணிக்கு ஊற்றும் ரோஜா போனது.
குளியலறைச் சுவரில் மணிக்கொரு தடவை
தானாகத் தும்மிக்கொண்டிருந்த லாவண்டர் போனது.
கரப்பான் மருந்து போனது, கரப்பான் வந்தது.
செருப்பால் அடிக்கிறோம்.

வாசனையே இல்லாத வீட்டில்
மூன்றாவது வாரம்தான் எனக்குத் தெரிந்தது,
வடக்குக் காற்று அடிக்கும் இரவுகளில்
என் வேலையிடம்
ஜன்னல் இடுக்கு வழியாக வந்து
எங்களோடு படுத்துக்கொள்கிறது.

அடுப்பிலிருந்து எடுத்த குபூஸை
கொதிக்கக் கொதிக்கப் பையில் போடுவார் ஆப்கானி.
வேண்டாம் பாய் என்று
தலையணை உறை ஒன்றை நீட்டினாள் பியூலா.
சிரித்தார். சந்தோஷமாக உறையில் போட்டார்.
பிறகு, மரியாதைக்கு,
உறையைப் பையில் போட்டுக் கொடுத்தார்.
மறுநாள் மறுபடி போனாள்.
நாலாம் நாள்
உறையை மட்டும் கொடுத்தார்,
ஏதோ பாதி உடுத்தியவரை
வழியனுப்புகிற முகத்தோடு.

ஊறுகாய் பாட்டில்களுக்குப் பருப்பு குடிபெயர்ந்தது.
சோறு சில்வர் டப்பாவுக்கு.
ஒரு பாட்டில் மட்டும் காணவில்லை.

கெசியாவின் கட்டிலுக்கடியில் கிடைத்தது.
கால்வாசி நிறைந்திருந்தது,
வெள்ளையாக, கண்ணாடி போலப் பளபளத்து,
புழுங்கலரிசிக் குருணை அளவில்.
முத்து, என்றாள் பிள்ளை.
அப்பா பேண்ட் மடிப்பிலிருந்து தினமும் விழும்.
நூற்றுப் பன்னிரண்டு இருக்கு.

பியூலா பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
திட்டியிருக்கலாம்.
'இதையும் வெளியே வைக்கணுமா,
இல்லை உங்களையுமா?'
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், பாதியில் நிறுத்தினாள்.
இருபத்தேழாம் தேதி சம்பளம் ஏறிய செய்தி
அந்த நேரம் பார்த்தா வரவேண்டும்?
பள்ளிக் கட்டணம், அவள் அம்மாவின் ஆஸ்பத்திரி,
இந்தக் கண்ணாடிப் பாட்டில்கள்:
எல்லாம் அந்தக் குருணையில் பொங்கியதுதான்.

இப்போது ஷூ வெளியே.
மடிப்பை வாசலில் உதறி, பெருக்கி,
காகிதத்தில் பொதிந்து பிளாண்ட்டுக்கே திருப்பிக் கொண்டுபோகிறேன்.
காவலாளி தினமும் கேட்கிறான், என்ன அது என்று.
உங்களுடையது, என்கிறேன்.

இன்று பகல் இரண்டு மணி, நாற்பத்தாறு டிகிரி.
பக்காலா வாசலில் தண்ணீர் கேன்கள்,
நீல உடம்போடு வரிசையாக வெயிலில்.
ஏழு. தொட்டால் கை பொறுக்கவில்லை.
கடைக்குள் நிழலில் இருந்ததாக ஒன்றை வாங்கினேன்.
காருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

ஒவ்வொன்றாக உருட்டி
சுவரோரம் கிடந்த ஒரு முழ நிழலுக்குள் வைத்தேன்.
பத்தொன்பது கேன்.
மலையாளிப் பையன் எட்டிப் பார்த்தான்:
அண்ணே, எல்லாம் எடுக்குறீங்களா?
இல்லை.
பிறகு?

பதில் சொல்லத் தெரியவில்லை.
நிழல் எப்படியும் நாலு மணிக்கு நகர்ந்துவிடும்.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
கடைசிக் கேனை இன்னும் கொஞ்சம்
உள்ளே தள்ளினேன்.